கூரைமேல் ஒரு மின்சார நிலையம்

எங்கள் அம்மையார்குப்பத்தில் பொழுது விடிந்ததை அறியச் சேவல் கூவ வேண்டுவதில்லை. திருத்தணிக்கு அப்பால், ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் இந்த நெசவாளர் ஊரில், விசைத்தறியின் ஓசைதான் உதய கீதம். பழகிப்போன காதுகளுக்கு அந்த ஓசை கேட்பதே இல்லை. அது நிற்கும்போதுதான் கேட்கிறது. திடீரென்று தெரு முழுவதும் நிசப்தமாகிவிட்டால், திண்ணையில் தூங்கிக்கொண்டிருக்கும் கிழவர்கூட விழித்துக்கொண்டு, "கரெண்டு போய்விட்டதா?" என்று விசாரிப்பார்.

சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அப்படித்தான் நடந்தது. உச்சி வெயில். சற்று நேரத்துக்கெல்லாம் என் வீட்டு வாசலில் ஒரு நெசவாளி வந்து நின்றார். அவருடைய மகள் என் வகுப்பில் படிக்கிறாள். "சார், கொஞ்சம் வந்து பாருங்கள், நான் ஏமாந்துபோனேனோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்றார்.

அவர் வீட்டு மாடியில் சில மாதங்களுக்கு முன்புதான் சூரிய ஒளித் தகடுகள் பதித்திருந்தார்கள். மூன்று கிலோவாட் சக்தி. பாங்கியில் கடன் வாங்கி, சர்க்கார் மானியமும் பெற்றுச் செய்த காரியம். தகடுகள் மேலே வெயிலில் பளபளத்துக்கொண்டிருந்தன. கீழே தறிகள் நின்றிருந்தன. வீட்டில் ஒரு விசிறிகூடச் சுற்றவில்லை.

"தலைக்கு மேலே வெயில் கொளுத்துகிறது. தகடும் இருக்கிறது, இன்வெர்ட்டரும் இருக்கிறது. ஆனால் கரெண்டு போனால் இதுவும் கூடவே போய்விடுகிறது. பக்கத்து வீட்டில் தகடே இல்லை. பேட்டரி இன்வெர்ட்டர் மட்டும் வைத்திருக்கிறார்கள். அங்கே விசிறி சுற்றுகிறது. இது என்ன நியாயம், சார்?" என்று கேட்டார்.

அவருடைய மூத்த மகன் ஒரு யோசனையும் வைத்திருந்தான். தெரிந்த மெக்கானிக் ஒருவர், பழைய பேட்டரி இன்வெர்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சோலார் இன்வெர்ட்டரோடு இணைத்துவிட்டால், அது "ஏமாந்துபோய்" கரெண்டு இல்லாத நேரத்திலும் வேலை செய்யும் என்று சொல்லியிருக்கிறாராம். செலவு சொற்பம், ஒரே நாள் வேலை. "செய்யலாமா, சார்?" என்றான் பையன்.

இந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதிலையே இங்கே விரித்து எழுதுகிறேன். இன்று இது ஓர் ஊரின் கேள்வி அன்று. 2024-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய சூரிய வீடு திட்டத்தின் நோக்கம், தேசத்தில் ஒரு கோடி வீடுகளின் கூரைமேல் இப்படிப்பட்ட தகடுகளை வைப்பது. மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றும் விதித்தார்கள். அந்த ஒரு கோடிக் குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே சந்தேகம் எழும்.

ஒரே பெயர், இரண்டு யந்திரங்கள்

2012-ஆம் வருஷத்தை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வருஷம் தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. அப்போதுதான் நடுத்தரக் குடும்பங்களில் 'இன்வெர்ட்டர்' என்ற சொல் உப்பு, புளி போல் வழக்கத்துக்கு வந்தது. கரெண்டு உள்ளபோது பேட்டரியை நிரப்பிக்கொண்டு, கரெண்டு இல்லாதபோது விளக்கையும் விசிறியையும் நடத்துகிற பெட்டி என்றே ஜனங்கள் அதை அறிந்தார்கள். சூரியத் தகட்டோடு வரும் பெட்டிக்கும் அதே பெயர் இருப்பதால், அதன் குணமும் அதுவே என்று எண்ணிவிடுகிறார்கள். கஷ்டமெல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

இரண்டுக்கும் பொதுவான வேலை ஒன்று உண்டு. தகடும் பேட்டரியும் தருவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம். நம் வீட்டுக் கம்பியில் வருவதோ வினாடிக்கு 50 முறை முன்னும் பின்னும் அலைபாயும் மின்சாரம். முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருவதே இன்வெர்ட்டரின் தொழில். உள்ளேயிருக்கும் மின்னணுச் சுவிட்சுகள் வினாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, நேரான ஓட்டத்தைத் துண்டு துண்டாக நறுக்கி அலையாகக் கோத்துக் கொடுக்கின்றன.

வித்தியாசம் எங்கே என்றால், அந்த அலையின் தாளத்தை யார் நிர்ணயிப்பது என்பதில்தான். தேரோட்டத்தை நினைத்துப் பாருங்கள். வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கானோர். முன்னால் ஒருவர் குரல் கொடுக்கிறார். அந்தக் குரலுக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கிறார்கள். புதிதாக வந்து வடத்தில் கை வைப்பவன், முதலில் அந்தக் குரலைக் கேட்டு, அதே தாளத்தில் தன் பலத்தைச் சேர்க்க வேண்டும். தாளம் தப்பி இழுத்தால் தேர் நகராது. அவன்தான் இழுபட்டு விழுவான்.

வீட்டுப் பேட்டரி இன்வெர்ட்டர் தானே குரல் கொடுத்துத் தானே சிறு வண்டியொன்றை இழுக்கிற ஆள். சூரியத் தகட்டோடு வருகிற, மின்தொகுப்புடன் இணையும் இன்வெர்ட்டரோ பெரிய தேரின் வடத்தைப் பிடிக்கிற ஆள். மின்வாரியக் கம்பியின் அலையைக் கவனித்து, அதே வேகத்தில், அதே ஏற்ற இறக்கத்தில் தன் அலையை ஒத்திசைத்து, பிறகே தன் பங்கைச் செலுத்தும். முன்குரல் நின்றுவிட்டால் அதுவும் வடத்தைக் கீழே போட்டுவிடும். கம்பியில் மின்சாரம் நின்றதும் நம் நண்பர் வீட்டு இன்வெர்ட்டர் நின்றுபோனது பழுதினால் அல்ல; அது தன் கடமையைச் செய்தது.

கம்பத்தின் மேலே ஒரு மனிதன்

"அப்படி நிற்க வேண்டிய அவசியம் என்ன? குரல் நின்ற பிறகும் என் வீட்டுக்கு மட்டும் இழுத்துக்கொண்டிருக்கலாமே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

தெருக்கோடியில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்ற 230 வோல்ட்டாகக் குறைத்துத் தருகிறது. பலரும் அறியாத விஷயம் என்னவென்றால், டிரான்ஸ்பார்மருக்கு முன் வாசல், பின் வாசல் என்ற பேதம் கிடையாது. வீட்டுப் பக்கத்திலிருந்து 230 வோல்ட்டைச் செலுத்தினால், மறுபக்கத்தில் 11,000 வோல்ட் எழும்பும். மின்சாரம் நின்றுவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் கையில், ஒரு வீட்டு மாடியிலிருந்து கிளம்பிய மின்சாரம் யமனாக வந்து சேரலாம்.

தெரு முழுவதன் பாரத்தையும் ஒரு சிறிய இன்வெர்ட்டரால் தாங்க முடியாது. பெரும்பாலான சமயங்களில் அது திணறித் தானே நின்றுவிடும். ஆனால் கம்பி நம் வீட்டுக்கு அருகிலேயே அறுந்து, அந்தத் துண்டில் இரண்டொரு வீடுகள் மட்டும் மிஞ்சியிருந்தால்? அப்போது அந்தத் துண்டுக் கம்பி கடல் நடுவே ஒரு தீவு போல உயிரோடு இருக்கும். 'பெரும்பாலும் ஆபத்தில்லை' என்பது கம்பத்தின்மேல் நிற்பவனுக்குப் போதுமான சமாதானம் ஆகாது. ஆகவேதான் மத்திய மின்சார ஆணையம் 2013-இல் வகுத்த விதிகளில், இப்படித் தீவு உண்டானால் இரண்டு வினாடிக்குள் இன்வெர்ட்டர் விலகிவிட வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது.

மெக்கானிக் சொன்ன யோசனையின் விபரீதம் இப்போது விளங்கும். பழைய பேட்டரி இன்வெர்ட்டரைக் கொண்டு ஒரு போலிக் குரலை எழுப்பி, இதுதான் மின்வாரியத்தின் தாளம் என்று நம்பவைப்பது அவர் திட்டம். நடுவிலே தெருக் கம்பியைத் துண்டிக்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு சமயம் இல்லாவிட்டால் ஒரு சமயம் மின்சாரம் தெருவுக்குத் திரும்பிப் போகும். தெருவைத் துண்டித்துவிட்டாலும் தொல்லை தீராது. உச்சி வேளையில் தகடுகள் மூன்று கிலோவாட்டைத் தள்ளும். வீட்டில் அரை கிலோவாட்டுக்குத்தான் செலவு. மிச்சம் எங்கே போகும்? பழைய பேட்டரி இன்வெர்ட்டருக்குள் புகுந்து, பேட்டரியை அளவு மீறி நிரப்பும். அல்லது பெட்டியையே எரித்துவிடும். தேர் வடத்துக்கென்று பழக்கப்பட்டவனை ஒற்றை மாட்டு வண்டியில் பூட்டினால் வண்டி என்ன ஆகும்?

இந்த வேலையை முறையாகச் செய்யும் யந்திரங்களும் இருக்கின்றன. கலப்பு இன்வெர்ட்டர் என்று அவற்றைச் சொல்லலாம். கம்பியில் மின்சாரம் நின்றதும் அவை முதலில் தெருவோடுள்ள தொடர்பை அறுத்துக்கொள்கின்றன. பிறகே பேட்டரியின் துணையால் தாமே குரல் கொடுத்து வீட்டை நடத்துகின்றன. அவற்றில் சில வகைகள், பேட்டரி நிரம்பிவிட்டால் அலையின் வேகத்தை 50-லிருந்து சற்றே உயர்த்துகின்றன. அந்தச் சைகையைப் புரிந்துகொள்ளும்படி செய்யப்பட்ட சோலார் இன்வெர்ட்டர் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. மூன்றாம் மனிதர் இல்லாமல் இரண்டு யந்திரங்கள் பேசிக்கொள்ளும் இந்த சாமர்த்தியம் பழைய பெட்டிக்கு எங்கிருந்து வரும்?

நியூயார்க்கில் ஒரு காற்றாடி

சிறு உற்பத்தியாளன் பெரிய கம்பியில் கை வைக்கலாமா என்ற விவாதம் புதிதல்ல. நியூயார்க் நகரத்தில், கிழக்கு 11-ஆம் தெருவில் 519-ஆம் இலக்கமுள்ள கட்டடம் ஒன்று பாழடைந்து கிடந்தது. ஏழை ஜனங்கள் சிலர் தங்கள் உடலுழைப்பையே மூலதனமாகப் போட்டு அதைப் புதுப்பித்துக் குடியேறினார்கள். 1976-ஆம் வருஷக் கடைசியில் அதன் கூரைமேல் இரண்டு கிலோவாட் காற்றாடி ஒன்றை நிறுத்தி, தங்கள் தேவைக்குப் போக மிஞ்சியதை நகரத்துக் கம்பியில் செலுத்தினார்கள். காற்று பலமாக வீசியபோது மீட்டர் பின்னோக்கிச் சுற்றியது!

நகருக்கு மின்சாரம் வழங்கிய கம்பெனி ஆட்சேபித்தது. அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ராம்ஸே கிளார்க் அந்த ஏழைகளுக்காக வாதாடினார். மின்சாரத்தை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று. 1978-இல் அந்தத் தேசத்தில், சிறு உற்பத்தியாளரிடமிருந்து கம்பெனிகள் மின்சாரம் வாங்கவேண்டும் என்று சட்டமே பிறந்தது. ஒரு கூரைமேல் சுழன்ற சிறு காற்றாடியின் பெருமையை என்னவென்று சொல்வது!

நம் நாட்டில்

நம் மாகாணத்தில் மின்சாரம் மலையிலிருந்து இறங்கி வந்தது. 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் என்று நீர்வீழ்ச்சிகளும் அணைகளும் ஊர்களுக்கு ஒளி தந்தன. அன்றுமுதல் உற்பத்தி ஓரிடம், உபயோகம் வேறிடம் என்பதே முறையாயிற்று. கிராமவாசி வாங்குகிறவன், தருகிறவன் எங்கோ தூரத்தில் இருந்தான்.

அந்த முறையைத் திருப்பிக் காட்டியது கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்துக்கு அருகிலுள்ள ஓடந்துறைப் பஞ்சாயத்து. 2003-இல் மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து ஒன்பது கிலோவாட் மின்சாரம் செய்து, அதைக்கொண்டு குடிநீர் இறைத்துப் பார்த்தார்கள். 2006-இல், பஞ்சாயத்தின் சேமிப்போடு பாங்கிக் கடனையும் சேர்த்து, சுமார் 1.55 கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் மைவாடியில் நிறுவினார்கள். அங்கே விளைந்த மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேர்ந்தது; பஞ்சாயத்தின் தெருவிளக்கும் குடிநீர்ப் பம்பும் அந்தக் கணக்கில் ஓடின; மிஞ்சியதை வாரியத்துக்கு விற்றார்கள். ஒரு கிராமப் பஞ்சாயத்து மின்சார வியாபாரியானது சாமானிய விஷயமா?

2012-இல் தமிழ்நாடு சர்க்கார் சூரிய சக்திக் கொள்கையை வெளியிட்டது. 2013-இல் மின்சார ஒழுங்குமுறை ஆணையம், வீட்டுக்கூரை உற்பத்தியை மீட்டரில் கழித்துக்கொள்ளும் முறைக்கு உத்தரவு பிறப்பித்தது. வீட்டிலிருந்து போனதை, வீட்டுக்கு வந்ததிலிருந்து கழித்து, எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் என்பதுதான் அதன் சாரம். நியூயார்க்கில் பின்னோக்கிச் சுற்றிய மீட்டர் கடைசியில் நம் ஊருக்கும் வந்து சேர்ந்தது.

காற்றுக்கும் ஓடைக்கும்

சோலார் இன்வெர்ட்டர்கள் மலிவாகவும் ஏராளமாகவும் கிடைப்பதால், அதே பெட்டியில் சிறு காற்றாடியையோ மலையோடையில் வைத்த சிறு சக்கரத்தையோ இணைத்தால் என்ன என்று கைத்திறனுள்ள வாலிபர்கள் யோசிக்கிறார்கள். யோசனை நல்லது, ஆனால் சில விஷயங்களை அறிந்துகொண்டு இறங்க வேண்டும்.

சோலார் இன்வெர்ட்டர் எந்நேரமும் ஒரு தேடலில் ஈடுபட்டிருக்கிறது. எந்த வோல்ட்டேஜில் இழுத்தால் தகட்டிலிருந்து அதிக சக்தி கிடைக்கும் என்று, கண் தெரியாதவர் கோலால் தட்டித் தட்டிக் குன்றின் உச்சியைத் தேடுவதுபோல், கொஞ்சம் ஏற்றியும் கொஞ்சம் இறக்கியும் பார்த்துக்கொண்டே இருக்கும். சூரியன் நிதானமானவன், அந்தத் தேடலுக்கு அவகாசம் தருவான். காற்றோ வினாடிக்கு வினாடி மாறும். அது ஓர் உச்சியைக் கண்டுபிடிப்பதற்குள் குன்றே இடம் மாறிவிடுகிறது! ஆகவே காற்றாடிக்கென்று செய்த இன்வெர்ட்டர்களில், இந்த வோல்ட்டேஜுக்கு இவ்வளவு சக்தி என்று ஓர் அட்டவணையை முன்கூட்டியே பதித்துவிடுகிறார்கள். அது தேடுவதில்லை, பார்த்து நடக்கிறது.

இரண்டாவது ஆபத்து இன்னும் பெரியது. கம்பியில் மின்சாரம் நின்று இன்வெர்ட்டர் விலகிவிட்டால், சூரியத் தகடு சும்மா வெயில் காய்ந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு கெடுதியும் இல்லை. காற்றாடிக்கோ சுமை போனதும் கடிவாளம் அறுந்த குதிரையின் நிலைமை. வேகம் மிஞ்சும், வோல்ட்டேஜ் எகிறும், இன்வெர்ட்டரின் தாங்கும் அளவைக் கடந்துவிட்டால் அது அக்கணமே எரிந்துபோகும், இறக்கையும் சிதறலாம். ஆகவே அந்தக் கணத்திலேயே சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள ஒரு வெப்பச் சுருளைத் தயாராக வைத்திருக்க வேண்டும். இலங்கையில் சப்பிரகமுவ மலைநாட்டுக் கிராமங்களில், ஜனங்கள் கூட்டாகச் சேர்ந்து ஓடை நீரில் நூற்றுக்கணக்கான சிறு மின்நிலையங்களை நடத்தியபோது, சாதாரண மோட்டாரையே ஜெனரேட்டராகச் சுழற்றி, தேவைக்கு மிஞ்சிய சக்தியை இப்படித்தான் வெப்பச் சுருளில் செலவழித்து வேகத்தைக் கட்டுப்படுத்தினார்கள்.

இன்வெர்ட்டரே வேண்டாம் என்ற வழியும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவினர், தகட்டின் நேர்மின்சாரத்தை 48 வோல்ட்டில் அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோய், அதற்கென்று செய்த விசிறியையும் விளக்கையும் நடத்தும் முறையை உருவாக்கினார்கள். ராஜஸ்தானத்தில் ஜோத்பூர் பக்கத்துப் பாலைவனக் கிராமங்களில், கம்பி எட்டாத சில ஆயிரம் வீடுகளுக்கு அது ஒளி தந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் அது உத்தமம். தறிக்கு உதவாது.

தறியின் கணக்கு

இனி நம் நண்பரின் தறிக்கு வருவோம். முதலில் அவர் கவனிக்க மறந்த ஒன்று: வீட்டுக்கு ஒரு மீட்டர், தறிக்கு ஒரு மீட்டர். மானியம் வீட்டு இணைப்புக்குத்தான். ஆகவே தகடுகள் வீட்டு மீட்டரோடு சேர்ந்திருக்கின்றன. வீட்டுக் கம்பியிலிருந்து தறியை ஓட்டுவது வாரியத்தின் விதிக்கே விரோதம். மின்சாரம் நிற்காத நாளிலும் அந்தத் தகடுகள் தறியின் கட்டணத்தைக் குறைக்கப் போவதில்லை. விற்றவர்கள் இதை எடுத்துச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தறிக் கட்டணம் அவ்வளவு பெரிய சுமைதானா என்றும் பார்க்க வேண்டும். 2023-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு இலவச மின்சாரத்தை 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்த்தியது. ஒரு குதிரைச் சக்தி மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு முக்கால் யூனிட் கொள்ளும். நாளைக்குப் பத்து மணி நேரம், இரண்டு மாதத்தில் ஐம்பது வேலை நாள் என்றால், தறி ஒன்றுக்கு 375 யூனிட். இரண்டு தறி வைத்திருப்பவருக்கு இலவச அளவே போதும். ஆகவே அவருக்கு வேண்டியது மலிவான மின்சாரம் அன்று, நிற்காத மின்சாரம். இந்த இரண்டும் வேறு வேறு தேவைகள். ஒன்றுக்கான மருந்தை வாங்கி மற்றதற்குப் போட்டதுதான் இங்கே நடந்த பிசகு.

வீட்டுக் கணக்கு வேறு. நம் பிரதேசத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சுமார் நான்கு யூனிட் தரும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டுக்குக் குறையாது. வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். விசிறியும் விளக்கும் டெலிவிஷனும் மட்டுமுள்ள வீட்டுக்கு மூன்று கிலோவாட் அதிகம். குளிர்ப்பெட்டி, ஏர்கண்டிஷன், தண்ணீர் மோட்டார் எல்லாம் உள்ள வீட்டுக்கே பொருந்தும். தகடு வாங்குமுன் கடந்த ஒரு வருஷத்து மின்கட்டண அட்டையைப் பார்ப்பது நல்லது.

தெருவின் நிலையையும் பார்க்கவேண்டும். ஒரே டிரான்ஸ்பார்மரின் கடைசிக் கம்பத்தில் பல வீடுகள் தகடு வைத்துவிட்டால், தறிகள் ஓடாத விடுமுறை நாளின் நண்பகலில் அத்தனை மின்சாரமும் மெல்லிய கம்பி வழியே திரும்பிப் போக முயலும். அங்கே வோல்ட்டேஜ் ஏறும். 2013-ஆம் வருஷ விதிகளின்படி, வழக்கமான அளவில் நூற்றுக்கு 110-ஐ, அதாவது 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விலகிக்கொள்ள வேண்டும். நல்ல வெயிலில் உற்பத்தி நின்றுபோவதாகச் சிலர் புகார் சொல்வதன் ரகசியம் இதுவாக இருக்கலாம். அதற்குப் பரிகாரம் கம்பியைப் பலப்படுத்துவது. பெட்டியைத் திறந்து அளவைத் திருத்துவது அன்று.

மின்வெட்டில் தறி ஓட வேண்டுமானால் என்ன செய்வது? விவசாயிகளின் சோலார் பம்பைப்போல, தகட்டையே நேராக மோட்டாரோடு ஒரு கருவி மூலம் பொருத்தலாமே என்று பையன் கேட்டான். கெட்டிக்காரப் பையன். ஆனால் பம்பு மேகம் வந்தால் மெதுவாக இறைக்கும்; வெயில் வந்தால் வேகமாக இறைக்கும்; தண்ணீருக்கு அதனால் நஷ்டமில்லை. தறியில் வேகம் குறைந்தால் நாடா மறுகரை சேராமல் பாவின் நடுவே சிக்கிக்கொள்ளும். நூற்றுக்கணக்கான இழைகள் அறுந்துபோகும். அறுந்த பாவைப் பிணைத்து முடிக்க எத்தனை நாழிகை ஆகும் என்று அவன் தாயாரைக் கேட்டாலே தெரியும். ஆகவே நிலையான வேகம் வேண்டும். அதற்குப் பேட்டரி வேண்டும்.

இரண்டு தறிகளுக்கு ஒன்றரை கிலோவாட். இரண்டு மணி நேர மின்வெட்டைச் சமாளிக்க மூன்று யூனிட். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய ஐந்து யூனிட் அடங்கும். அதில் நான்கு பங்கை எடுத்தாலும் போதும். ஈயப் பேட்டரியானால் பாதியைத்தான் எடுக்கலாம். ஆகவே இரட்டிப்பாக வாங்க வேண்டும். மோட்டார் கிளம்புகிற கணத்தில் ஓடும்போது கொள்வதைவிட ஐந்தாறு மடங்கு மின்சாரத்தை இழுக்கும். ஆகவே இன்வெர்ட்டர் மூன்று பேஸ் உள்ளதாகவும், அந்த அதிர்ச்சியைத் தாங்குவதாகவும், மோட்டாரை மெல்ல மெல்லக் கிளப்புவதாகவும் இருக்க வேண்டும். தறிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகவே ஓட்ட வேண்டும். பேட்டரியை நிரப்ப ஒன்றரை கிலோவாட் தகடு தனியாக வைக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, தறிக்கும் வாரியத்துக்கும் நடுவே இருபக்கச் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும். அது ஒரு பக்கம் இருந்தால் வாரியம், மறுபக்கம் இருந்தால் பேட்டரி. இரண்டும் ஒருபோதும் சந்திக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள மின்பணியாளரைக் கொண்டு, வாரியத்துக்கு அறிவித்தே இதைச் செய்ய வேண்டும்.

ஓடும் செல்வம்

காந்தியடிகளின் அத்யந்த சீடர் ஜே. சி. குமரப்பா, சிறையிலிருந்தபடி எழுதி 1945-இல் வெளியான தம் நூலில் பொருளாதாரத்தை இரண்டாகப் பிரித்தார். நிலக்கரியும் மண்ணெண்ணெயும்போல், எடுக்க எடுக்கக் குறைந்துபோகும் சேமிப்பை நம்பியது ஒன்று. நீரும் காற்றும்போல், ஓடிக்கொண்டே இருப்பதை நம்பியது மற்றொன்று. முன்னது சண்டைக்கு வழி. பின்னது சமாதானத்துக்கு வழி என்பது அவர் சித்தாந்தம். ஒவ்வொரு கூரைமேலும் தினந்தோறும் கொட்டும் வெயில் அந்த இரண்டாவது வகைச் செல்வம். அதைப் பிடிக்கும் தகடுகளும் இப்போது நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானிலும், எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லாத ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்திலும் பெரிய தொழிற்சாலைகள் எழுந்திருக்கின்றன.

ஆனால் தன் கூரையில் விளைந்ததைத் தேசத்தின் கம்பியில் சேர்க்கிறவன், அன்றுமுதல் வாங்குகிறவன் மட்டுமல்ல. பொதுத் தேரின் வடத்தைப் பிடித்தவன். முன்னும் பின்னும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவன் இழுக்கலாகாது. சுயதேவைப் பூர்த்தி என்ற பெயரால் அடுத்தவன் உயிரைப் பணயம் வைப்பது சுதேசியம் ஆகாது.

இத்தனையும் பேசி முடிப்பதற்குள் மணி மூன்றாகிவிட்டது. மாடியிலிருந்து இறங்குமுன் தெருக்கோடியைச் சுட்டிக் காட்டினேன். தென்னை மட்டை விழுந்து கம்பி அறுந்ததால்தான் அன்று மின்சாரம் நின்றிருந்தது. கீழே பீஸ் கட்டைகளைப் பிடுங்கி வைத்துவிட்டு, கம்பத்தின் மேல் வெயிலில் ஒருவன் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான். பத்து வருஷத்துக்கு முன் என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பையன். என் நண்பரின் மகனோடு ஒன்றாகப் பந்தாடியவன்.

பையன் வெகுநேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அந்த மெக்கானிக்கை வர வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், சார்" என்றான். தகப்பனார், தீபாவளி வரையில் நெய்து சேர்த்து முதலில் ஒரு தறிக்கு மட்டும் பேட்டரி வைப்பது என்று முடிவு செய்தார்.

சற்று நேரத்தில் கம்பத்திலிருந்தவன் இறங்கி, பீஸ் கட்டைகளைப் பொருத்தினான். தெருவில் தறிகள் ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. மாடி இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு ஒரு நிமிஷத்துக்குமேல் பொறுத்திருந்து, கம்பியின் தாளத்தைச் சரியாகக் கேட்டுக்கொண்ட பின், பச்சையாக மாறிற்று.